இரண்டு வாசல்

புளூமெண்டல் வீதியில் பழைய தேயிலைக் களஞ்சியம்.
அங்கே என் வேலை
பிறர் வீட்டுப் பைகளுக்குள் கைவிடுவது.

முதலில் மணம் பார்க்க வேண்டும்.
பூச்சி உருண்டை என்றால் அலுமாரியில் கிடந்தது.
பூஞ்சணம் என்றால் கட்டிலின் கீழ்.
சிகரெட்டும் சென்ட்டும் கலந்து வந்தால்
யாரோ யாரையோ விட்டுப் போயிருக்கிறார்கள்;
அதை எழுத இடமில்லை,
கிலோக் கணக்கு மட்டும்.

காற்சட்டைப் பைகளை வெளியே இழுக்கிறேன்:
138ஆம் இலக்க பஸ் டிக்கட், பல்லுக்குத்தி,
பாதி கிழிந்த மருந்துச் சிட்டை.
ஒருநாள் ஐயாயிரம் ரூபாய்த் தாள்.
நானும் நஸீஹாவும் சுனேத்ராவும்
கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்க்கவேயில்லை.
பிறகு சுனேத்ரா பேரேட்டைத் திறந்தாள்.

உடுக்கக்கூடியது இடப்பக்கம்.
கிழிந்ததில் பொத்தானை அறுத்துப்
போத்தலில் போட்டுவிட்டு
மிச்சத்தைக் கட்டுக் கட்டாகப்
பஞ்சிகாவத்தைக் கராஜுகளுக்கு விற்போம்.
சரிகை நைந்த கல்யாண வேட்டியொன்று
லொறி எஞ்சினின் கறுப்பெண்ணெயைத் துடைத்து
மட்டக்குளியில் ஒரு வீட்டுக்கு
இரண்டு கிலோ பருப்பானது.

கொலன்னாவையில் தண்ணீர் ஏறிய வாரம்
ஊரெல்லாம் அள்ளி அனுப்பியது.
வலது கால் செருப்பு மட்டும், ஒரு சாக்கு.
விளையாட்டுப் போட்டிக் கிண்ணங்கள் பதினாறு.
இதை என்ன செய்ய என்றேன்.
அரிசி அள என்றாள் நஸீஹா.
அளந்தேன்:
'நூறு மீற்றர், இரண்டாம் இடம்'
ஏறக்குறைய அரைக் கிலோ பிடிக்கும்.

போன வியாழன் பின்னேரம்
கறுவாத்தோட்டத்திலிருந்து முச்சக்கர வண்டியில்
ஏழு பையோடு ஒருத்தி இறங்கினாள்.
அனுப்பியவர் பெயர் அட்டையில் இருந்தது.
கொண்டுவந்தவர் பெயர்?
அது எதுக்குங்க என்றாள்.
பிறகு, தவச்செல்வி, மஸ்கெலியா என்றாள்.

நோனா எழுதிய பட்டியல் கையில்.
படுக்கை விரிப்பு நாலு, திரைச்சீலை ஆறு,
இஸ்திரிப் பெட்டி ஒன்று,
பிள்ளைக் குளிர்ச்சட்டை, மஞ்சள், ஒன்று.
மஞ்சளை மட்டும் மடித்தாள்,
பிரித்தாள், மறுபடி மடித்தாள்.
ரெண்டு வருசமா நான்தான் தொவைச்சேன்.
எங்க லயத்துல இப்ப பனி கொட்டுதுங்க.

வழியில் எடுத்திருக்கலாமே, யார் கண்டது?
கேட்டிருக்கக் கூடாது.
பட்டியலைத் திருப்பிக் காட்டினாள்:
எண்ணிக்கை. கீழே கோடு.
என் ஒப்பத்துக்கு இடம்.

ஒப்பமிட்டேன்.
இறப்பர் முத்திரையும் குத்தினேன்:
நன்றியுடன் பெற்றுக்கொண்டோம்.

எங்கள் களஞ்சியத்துக்கு இரண்டு வாசல்.
தருகிறவர்களுக்கு வீதிப் பக்கம், கதிரை உண்டு.
பெறுகிறவர்களுக்குத் தண்டவாளப் பக்கம்,
வரிசை உண்டு.
சுற்றிவர நாலு நிமிடம்.
நான் வாய் திறக்கவில்லை.
சுனேத்ராதான் காற்றில் விரலால்
ஒரு வளைவு போட்டுக் காட்டினாள்.

நாலு நிமிடம் கழித்து
அதே குடை, தண்டவாளப் பக்கம்.
படிவம் நிரப்பினோம்.
மகள், வயது ஆறு.
காரணம் என்ற கட்டத்தில்
வெள்ளம், தீ, மண்சரிவு, வேறு.
வேறு என்பதில் புள்ளடி இட்டேன்.

சட்டையை வாங்கியவள் போகவில்லை.
கத்தரிக்கோல் கேட்டாள், ஊசி கேட்டாள்.
நிலத்தில் குந்தி
மஞ்சள் பொத்தான் ஐந்தையும் அறுத்தாள்.
போத்தலைக் கவிழ்த்து
பச்சையாய் ஐந்து பொறுக்கினாள்,
நாலு பெரிது, ஒன்று சின்னது.
துறைமுகத்துக்குச் சரக்கு ரயில் போய்முடிய
நூலைப் பல்லால் கடித்தாள்.
இனி இது அது இல்லீங்க என்றாள்.

அந்த மஞ்சள் ஐந்தும்
எங்கள் போத்தலில் கிடக்கின்றன.
வந்தவற்றைப் பதியவேண்டும், அது விதி.
தராசில் வைத்தேன்,
முள் அசையவில்லை.