இரும்புக் காலின் அளவு

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்.
எந்தத் தரையில், எவ்வளவு ஈரத்தில்
என்று யாரும் எழுதி வைக்கவில்லை.
அதை எழுதத்தான்
பீன்யா இரண்டாம் ஸ்டேஜில்
பவுடர் கோட்டிங் பட்டறைக்கு மேல்மாடியில்
எனக்குச் சம்பளம்.

எங்களிடம் ஒரு கால் இருக்கிறது.
இரும்பு. முழங்காலுக்கு மேல் ஒன்றுமில்லை.
ஷூவை மாட்டி, குதிகாலை ஏழு பாகை சாய்த்து
ஓர் ஆள் பாரம் ஏற்றி
சோப்புத் தண்ணீர் ஊற்றிய டைல்ஸ் மேல் இழுப்போம்.
எவ்வளவு முரண்டு பிடிக்கிறதோ அதுதான் எண்.
புள்ளி இருபத்தெட்டுக்குக் கீழே போனால் ஃபெயில்.
ருத்ரேஷ் இதற்கு மாமனார் கால் என்று பெயர் வைத்திருக்கிறான்.
வீட்டுக்குள் வந்துவிட்டால் நகராதாம்.

செவ்வாய்க்கிழமை ஒரு ஜோடி வந்தது,
ஜிப் பையில், அரக்கு முத்திரையோடு.
பெல்லந்தூர்ப் பக்கம் ஒரு டெக் பார்க்,
நாலாவது மாடி, காபி மெஷினுக்கு எதிரே,
துடைத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தவள் விழுந்திருக்கிறாள்.
யங்கம்மா. ராய்ச்சூர். இடுப்பெலும்பு.
'தரை ஈரம்' மஞ்சள் பலகையை அவளேதான் வைத்தாள்;
போட்டோவில் பலகை நிமிர்ந்து நிற்கிறது.
தரைமேல் தப்பா, ஷூமேல் தப்பா என்று
இரண்டு கம்பெனிகள் கடிதம் எழுதிக்கொள்கின்றன.
அவள்மேல் என்கிறது மூன்றாவது கடிதம்.

இடது: புள்ளி முப்பத்து மூன்று.
வலது: புள்ளி முப்பத்தொன்று.
ஐந்து முறை இழுத்தோம், ஐந்து முறையும் பாஸ்.

மாட்டும்போது முன்னால் ஏதோ தடுத்ததே,
ருத்ரேஷ் உருவி மேஜையில் போட்டானே,
அது அப்புறம்தான் நினைவு வந்தது.
கன்னடப் பேப்பர், ஒரு ஷூவுக்கு நாலு தாள்,
கசங்கி, மிதிபட்டு, வியர்வையில் காய்ந்து
பெருவிரல் குழியோடு இறுகிப்போயிருந்தது.
ஓரத்தைப் பிரித்தால் பாதி மழைச் செய்தி,
பாதி டிராக்டர் விளம்பரம்.

ஷூவின் நாக்கைப் புரட்டினேன். ஏழு.
ஆம்பளை ஏழு.
இரும்புக் காலும் ஏழு.
அதனால்தான் அவ்வளவு கச்சிதம்.

சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு
செய்யக்கூடாததைச் செய்தேன்.
என் கால் நாலு.
சோப்பு டைல்ஸ் மேல், அவளைப் போலவே பின்பக்கமாக.
அடிப்பாகம் தரையை விடவில்லை, பொய் சொல்லக்கூடாது.
நான்தான் ஷூவுக்குள்ளே வழுக்கினேன்.
குதிகால் கழன்று மேலே வந்தது,
ஷூ அங்கேயே நின்றது,
உடம்பு அது பாட்டுக்கு ஒரு பக்கம் போனது.
அலமாரிக் கைப்பிடி பிடித்துக்கொண்டது என்னை.
அதற்கு எண் கிடையாது.

அறிக்கையில் 'முடிவு' என்று ஒரு கட்டம்.
தேறியது என்று போட்டேன்.
வேறென்ன போட? தேறித்தான் தொலைத்தது.
மேலே, 'மாதிரி வந்த நிலை' என்று ஒரு வரி உண்டு.
'நன்று' என்று கை தானாகப் போடும்.
இந்த முறை எழுதினேன்:
அளவு ஏழு. உள்ளே செய்தித்தாள், நான்கு தாள்,
அதில் ஒரு சிறிய கால் பதிந்திருக்கிறது.
இணைத்துள்ளேன்.

ருத்ரேஷ் படித்தான்.
"சிறியன்னா கோர்ட்ல நிக்காது, அளந்து போடு"
என்று ஸ்கேலை எடுத்து வந்தான்.
குனிந்து இருவரும் அந்தக் குழியை அளந்தோம்,
கை படாமல்.
இருபத்திரண்டு மில்லிமீட்டர்.
ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம்.