ஒரு புள்ளிக்குத் தள்ளுபடி

சீட்டுப் பணம் ஒன்பதாயிரம்.
பஸ்ஸுக்கும் வயருக்கும் ஐந்நூறு தள்ளினால்
மிச்சம் எவ்வளவு என்று
ரப்பர் ஷீட் கடையில் கணக்கெழுதுகிறவளுக்கு
யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பழைய மானிட்டர் பத்தொன்பது இஞ்ச்.
குலசேகரத்தில் ஒரு டைப்பிங் சென்டரை இழுத்து மூடியபோது
தூக்கி வந்தது.
அதில் எதிராளி ஓடினால்
பின்னாலேயே ஒரு நிழல்
ஈர வேட்டிபோல இழுபட்டு வரும்.
நான் நிழலைச் சுடுவேன்.
அவன் என்னைச் சுடுவான்.

மூன்று வாரம் ராத்திரியெல்லாம் படித்தேன்.
ஐ.பி.எஸ் என்றால் நிறம் சுத்தம்.
வி.ஏ என்றால் கறுப்பு நல்ல கறுப்பு, ஆனால் இருட்டில் இழுக்கும்.
வளைந்த திரை வேண்டாம், மேசை வளைந்திருப்பதே போதும்.
இருபத்தேழு இஞ்ச் ஆசைதான்,
அதை வைத்தால் நான் அடுக்களையில் படுக்கணும்.
நூற்றி எண்பது ஹெர்ட்ஸ்.
அந்த எண்ணை மட்டும்
ஒட்டுப்பால் எடைபோடும்போதும் வாய் முணுமுணுத்தது.
"நூத்தி எம்பது கிலோவா பிள்ளே?" என்றார் முதலாளி.
"இல்ல, நூத்தி எட்டு."

என் கிராபிக்ஸ் கார்டு கிழடு.
தொண்ணூறு பிரேமுக்கு மேல் இருமும்.
பிறகு நூற்றி எண்பது எதற்கு என்று
கணக்கெழுதுகிற நான் கேட்டேன்.
விளையாடுகிற நான் பதில் சொல்லாமல்
குடையை எடுத்தேன்.

மார்த்தாண்டம், மேம்பாலத்துக்குக் கீழே.
வெளியே மழை. உள்ளே ஏழு திரைகளிலும்
ஒரே மீன்.
"தம்பிக்கா அக்கா?"
சட்டையில் ஸ்டெனின் என்று அட்டை.
"எனக்கு."
"ஆபீஸ் வேலைக்கு இது கொள்ளாம், எழுபத்தஞ்சு ஹெர்ட்ஸ்…"
"ரெஸ்பான்ஸ் டைம் பெட்டியில போட்டதா, உள்ளதா?"
அவன் சாயா டம்ளரைக் கீழே வைத்தான்.

அப்புறம் ஒரு மணிக்கூர் பேசினோம்.
புதுசு பதினொன்று இருநூறு, ஒரு ரூபாய் குறையாது.
குடையை விரித்துப் படியிறங்கினேன்.
"நில்லுங்க. டிஸ்பிளேக்கு வச்ச பீஸ் ஒண்ணு கெடக்கு.
ஒரு புள்ளி கேடு.
சொல்லாம விக்க மனசில்ல."

திரையை வெள்ளையாக்கினான். ஒன்றுமில்லை.
கறுப்பாக்கினான்.
வலது கீழ் மூலையில்
கடுகில் கால்வாசி,
அணையத் தெரியாத ஒரு பச்சை.
இருபது லட்சத்து எழுபத்து மூவாயிரத்து அறுநூறில் ஒன்று.
அந்த ஒன்றுக்கு
இரண்டாயிரத்து எண்ணூறு தள்ளுபடி.
மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன்:
எல்லாப் புள்ளியும் கெட்டிருந்தால்
கடையையே எழுதித் தரணும் இவன்.

மடியில் பெட்டி. "டிவியா? லக்கேஜ் எடு" என்றார் கண்டக்டர்.
ஆற்றூர் வரை வாதாடி
திருவட்டாரில் தோற்றேன். இருபது ரூபாய்.

ராத்திரி மாட்டி ஓட்டினால்
பழையதுபோலவே இருக்கிறது.
வயிறு கலங்கியது. எட்டாயிரத்து நானூறு.
செட்டிங்ஸில் மூன்று கதவு திறந்து போனால்
அங்கே அறுபது என்று சும்மா கிடக்கிறது.
மாற்றச் சொல்லி யாரும் எழுதவில்லை பெட்டியில்.
மாற்றினேன்.
மவுஸ் அம்பு
எண்ணெயில் விழுந்ததுபோல வழுக்கியது.
அரைமணி நேரம் விளையாடவே இல்லை,
அம்பை மட்டும் இங்கும் அங்கும்.

விளையாட்டில் என் பெயர் ஒட்டுப்பால்.
மைக் போடுவதில்லை.
சேலத்துக்காரன் ஒருவன்
அது ஏதோ தயிர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

முதல் வாரம், இருட்டு மேப்பில்,
அந்தப் பச்சையைப் பார்த்து
எவனோ பதுங்கியிருக்கிறான் என்று
மூன்று குண்டு செலவழித்தேன்.
சத்தம் கேட்டு வந்தவன்
என்னைக் கொன்றுவிட்டுப் போனான்.

இப்போதும் சாகிறேன்.
முன்னைக்கு ராத்திரிக்கு நாலு சாவு குறைவு.
ஆனால் அவன் சுவரோரம் திரும்புவது,
முதலில் தோள், அப்புறம் குழல், அப்புறம்
தீப்பொறி
ஒவ்வொன்றாகத் தெரிகிறது.
அவ்வளவும் தெரிந்து
கை அங்கேயே கிடக்கிறது.

"மவுஸ் என்ன விலை?" என்று
ஸ்டெனினுக்கு ஒரு மெசேஜ் போட்டேன்.
"எவ்வளவு வரைக்கும் பாக்கிய அக்கா?"

அடுத்த சீட்டு சித்திரையில்.