உப்பு கசியும் நாள்

பகாவில் நவம்பர்.
அரிசி டின்கூட வியர்க்கிறது.
சுருட்டு காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று
பெட்டியோடு ஒரு தாள் வந்தது.
எழுதியவர் இங்கே ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும்.

பிஸ்கட் டின், அடியில் மரப்பலகை,
சோடா மூடியில் ஒரு சிட்டிகை உப்பு.
உப்பு கசிந்தால் அன்றைக்கு டின்னைத் திறக்கமாட்டேன்,
யார் கேட்டாலும்.
அப்படியும் ஏழு சுருட்டில் வெள்ளை.

செம்பனை ஆலையின் புது மேனேஜர் குணராஜா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"பூத்திருக்கு அக்கா. முதிர்ந்த சரக்கு.
இரட்டை விலை தரேன்."

துணியால் ஒன்றைத் துடைத்தேன்.
துணியில் பச்சை.
"பூசணம் சார்."

அவர் முகம் கோணியது,
நான் ஏமாற்றிவிட்ட மாதிரி.
சிகரெட் வாங்கிக்கொண்டு போனார்.

கடை சாத்தியபின்
துடைத்ததை நானே பற்றவைத்தேன்.
மோசமில்லை.