சாக்குக்குக் கழிவு இல்லை

ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக் களத்தில்
நாய்தான் படுத்திருக்கும்.
இன்றைக்குப் பத்தொன்பது பேர்.
தப்பு அடிக்கவில்லை, பேர் கூப்பிடவில்லை,
பிந்தி வந்தவளுக்கு அரைப் பேர் போடவும் ஆளில்லை.
கங்காணி வந்திருந்தார்,
முள்ளுக்குத்தியோடு, வரிசையின் கடைசியில்.

பாஹிர் நாநாவின் கராஜிலிருந்து
பழைய கிரீஸ் ஒரு வாளி.
பியசீலியின் கிழங்குத் தோட்டத்திலிருந்து
கம்புக் கட்டும் மஞ்சள் பொலித்தீனும்.
இலைக்குள் சுரங்கம் தோண்டும் ஈ
மஞ்சளைக் கண்டால் மயங்குமாம்.
சுற்றினோம், பூசினோம்,
பாத்திக்குப் பாத்தி நட்டுக்கொண்டே போனோம்.
திரும்பிப் பார்த்த நாநா கேட்டார்:
"எந்தக் கட்சிக் கூட்டம் இது?"
அதற்குள் ஒரு கம்பில் ஏழு ஈ.

மேலே, புல்வெளி ஓரம்,
வேறொரு மஞ்சள்.
ஆளுயர முள். கிட்டப் போனால் தேங்காய்ப்பால் மணம்.
கோர்ஸ் என்றார் திணைக்களத்து மாத்தயா.
துண்டுப் பிரசுரத்தைப் பிரிதிவி உரக்க வாசித்தான்:
"அந்நிய ஆக்கிரமிப்பு..."
அந்த இடத்தில் நின்றுவிட்டான்.
பீலியில் விழும் தண்ணீர் மட்டும் கேட்டது.

"செடியத்தான சொல்றாங்க?" என்றாள் ஆரவல்லி.
"பாத்து வாசி. கீழ நம்ம பேரும் இருக்கப்போவுது."
சிரித்தோம்.
தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.
என்ன சிரிப்பு என்று சிங்களத்தில் கேட்டாள் பியசீலி.
சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.
தன் கையுறையில் ஒன்றைக் கழற்றி
என்னிடம் நீட்டினாள்.
அதற்குப் பிறகு நாங்கள் இருவரும்
ஆளுக்கு ஒரு கையால்தான் முள்ளைப் பிடித்தோம்.

"கொண்டாந்தவன் பேரு போட்டிருக்கா?"
"இல்ல. பூ அழகுக்காகன்னு மட்டும்."

வெட்டினால் தழைக்கும்.
எரித்தால் விதைக்குக் கொண்டாட்டம்.
வேரோடுதான் வர வேண்டும்.
முள்ளுக்குத்தியை இறக்கி, ஏறி மிதித்து,
மூன்று பேர் இழுத்தால் ஒன்று வரும்.
வரும்போது மூன்று பேரும்
ஒருவர் மேல் ஒருவர் மல்லாக்க.
நாநாவின் சாரத்தில் ஒரு கிளை மாட்டிக்கொண்டு
இறங்க மாட்டேன் என்றது.

நாலு மணிக்கு நிறுவை.
கணக்கு அனுப்ப வேண்டுமாம்.
கொழுந்து நிறுக்கிற தராசு, இரவல்.
கங்காணி பார்த்துச் சொல்ல, நான் எழுத.
"இருபத்தி மூணு" என்றார்.
என் கை இருபத்தொன்று என்று எழுதியது.
"ஏம்மா?"
"சாக்குக்கு ரெண்டு கிலோ..."
சொல்லி முடிக்குமுன் எனக்கே கேட்டது.
பதினெட்டு வருசம், நாளைக்கு மூன்று நிறுவை,
வேறு யாரோ கழித்தது.
அந்தக் கை எப்போது என் கையானது?

கங்காணி மலையைப் பார்த்தார்.
பிறகு பென்சிலை வாங்கி, நான் எழுதியதை வெட்டி,
இருபத்தி மூன்று என்று அழுத்தி எழுதினார்.
"காசில்லாத வேலைக்கு
நிறுவை சரியாத்தான் இருக்கு" என்றாள் ஆரவல்லி.
அவளை யாரும் அடக்கவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு கிலோ.
விதை மண்ணுக்குள் முப்பது வருசம் கிடக்கும்
என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார் மாத்தயா.
அடுத்த மாதம் அவருக்கு வேறு ஊர்.
முப்பது வருசம்.
ஆரவல்லியின் கடைசிப் பெண்ணுக்கு
அப்போது முப்பத்தாறு.
அவளும் அங்கேதான் இருந்தாள்,
பூவைப் பிய்த்து மோந்துகொண்டு.

திங்கள்.
மழைப் படங்கு, கூடை, பழைய நிரை.
பெருவிரல் நகத்துக்குள் ஒடிந்த முள்
கொழுந்தைத் தொடும்போதெல்லாம் சுருக்கென்றது.
கான் ஓரம், தேயிலைத் தூரில்,
விரற்கடை உயரத்தில் ஒரு பச்சை.
மூன்று மூன்றாக இலை, இன்னும் முள் வைக்கவில்லை.
கூடையை இறக்காமலே குனிந்தேன்.
கொழுந்து கிள்ளும் அதே இரண்டு விரல்.
கிள்ளவில்லை.
மண்ணைக் கீறி, நூல்போல் வேர்
நுனிவரை வரும்வரைக்கும் பொறுத்தேன்.

"அங்க என்ன?" நிரைக்கு அப்பாலிருந்து கங்காணி.

"நேத்து வேல" என்றேன். "மிச்சம்."