தொந்தரவு இல்லை

ராத்திரி ரெண்டு மணிக்கு
ஒன்பதாம் கட்டில் அங்கமுத்துவுக்குச் சங்கு கேட்டது.
"வெடி வெக்கிறாங்க, ஓடுங்கடா எல்லாரும்!"
இடுப்பில் தகடு வைத்து மூன்றே நாள்.
ஒரு கால் தரையில்,
கையிலிருந்த ஊசியைப் பிடுங்கிவிட்டு
விரிப்பெல்லாம் ரத்தப் பொட்டு.
வெள்ளைக்கல் சுரங்கத்தில் முப்பத்தோரு வருஷம் என்று
மகன் சொல்லியிருந்தான்.

"கையக் கட்டிடுங்க சிஸ்டர்,"
போனில் டூட்டி டாக்டர்.
கட்டுத்துணி என் தோளில்தான் கிடந்தது.
நல்ல மனசால் கட்டாமல் விட்டேன் என்று நினைக்க வேண்டாம்.
போன மாதம் ஒருவரைக் கட்டினேன்,
விடியும்வரை அவர்
தன் மணிக்கட்டோடு சண்டை போட்டார்.

தலைமாட்டு விளக்கைப் போட்டேன்.
கண்ணாடியை மாட்டினேன்.
காது மிஷின் டிராயரில், பல்செட்டோடு கிடந்தது.
"சங்கு ஊதி எத்தன நிமிஷத்துல வெடிக்கும்?"
புது ஆளா நீ என்பதுபோல் பார்த்தார்.
"பத்து."
பத்து நிமிஷம்
அவர் சொன்னபடி தலையைக் குனிந்து
முக்காலியில் ஒண்டியிருந்தேன்.
ஐந்து ரோட்டில் ஏதோ லாரி கியர் மாற்றியது.
"ஆச்சு," என்றார், "தூசி அடங்கட்டும்."
அடங்கியது. தூங்கினார்.
காலையில் மூத்திரத்தில் கிருமி என்று ரிப்போர்ட்,
மருந்து மாற்றினார்கள்,
நாலாம் நாள், இட்லி கல்லு மாதிரி இருக்கு என்றார்,
இருந்தது.

இதை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.
பயிற்சி வகுப்பில் கைதட்டல்கூட வாங்கினேன்.
சொல்லாமல் விட்டது
அதே ராத்திரி, பதினாலாம் கட்டில்.

துளசிராம். ஜங்ஷன் பார்சல் ஆபீசில் இருந்தவர்.
நிமோனியா. மகள் புனேயிலிருந்து கிளம்பியிருந்தாள்.
கத்தமாட்டார். இறங்கமாட்டார்.
தட்டு வைத்தது வைத்தபடி திரும்பும்.
கூப்பிட்டால் கண் திறந்து,
கொஞ்சம் பார்த்து, மூடிக்கொள்வார்.
மூன்று ஷிப்டிலும் ஒரே வரி எழுதினோம்:
நோயாளி அமைதி. தொந்தரவு இல்லை.
அதில் ஒரு கையெழுத்து என்னுடையது.

"பனி," என்று முனகினார்.
நான் ஏற்காட்டுக்காரி, நாகலூர்.
அந்தச் சொல்லோடு வளர்ந்தவள்.
"குளிருதா ஐயா" என்று ஏசியைக் குறைத்து
கம்பளி போர்த்தினேன்.
மறுபடியும் "பனி".
இன்னொரு கம்பளி.
கால்மாட்டைச் செருகிவிட்டு
என்னை நானே மெச்சிக்கொண்டு நகர்ந்தேன்.

விடிகாலையில் சிலிண்டர் தள்ளிக்கொண்டு வந்த
லிப்ட்காரர் கோவர்த்தனன் நின்றார்.
பொன்னம்மாப்பேட்டை, சௌராஷ்டிர வீடு.
குனிந்து காது கொடுத்தார்.
"தண்ணி கேக்குறாரு சிஸ்டர். எங்க பாஷையில."

உதடு வெடித்திருந்தது. நாக்கு மரப்பட்டை.
கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது.
ரெண்டு கம்பளிக்குள் வேர்த்திருந்தார்.
தலையை நிமிர்த்தி, ஸ்பூன் ஸ்பூனாக,
ஒவ்வொன்றும் இறங்கிய பிறகு அடுத்தது.
பதினோரு ஸ்பூன்.
பன்னிரண்டாவதை வாங்காமல்
என் பேட்ஜையே பார்த்தார்,
மழையில் நனைந்த பார்சலில்
விலாசம் தேடுகிறவர் போல.

பிழைத்தாரா என்று கேட்பீர்கள்.
ஒன்பது நாளில் வீட்டுக்குப் போனார்.
மறதி கொஞ்சம் கூடியிருந்தது.
முன்பே உண்டு என்றாள் மகள்.
இருக்கலாம்.

இப்போது டூட்டி ஏறியதும்
கத்துகிறவர்களைத் தாண்டிப் போகிறேன்.
சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரிடம்
"கார்த்திகைக்கு முந்தின மாசம் என்ன?"
ஐப்பசி என்று வந்தால் மூச்சு விடுகிறேன்.
வராவிட்டால் டாக்டரை எழுப்புகிறேன்,
திட்டட்டும்.

கோவர்த்தனனிடம் நாலு சொல் கேட்டு
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்:
வலி, பயம், போதும், குளிர்.
குளிருக்கு அவர் சொன்ன சொல்
பனிக்குப் பக்கத்தில்கூட இல்லை.