கழிவு

மாசக் கடைசியில் ரைட்டர் ஜெபமணி
என் சீட்டைப் பிரித்துவைத்து
சிவப்பு மையில் எழுதுவார்:
வேலைக்கு இரண்டு நாள்
நடத்தைக்கு இரண்டு நாள்.
"கழிவுடா ஒச்சப்பா" என்பார்
ஜவுளிக்கடைக்காரர் குரலில்.

ஆடி மாசம் விளக்குத்தூண் பக்கம்
சேலைக்குத் தருவது கழிவு.
எங்கள் பிளாக்குக்குப் பின்னால்
ஓடையில் போவதும் கழிவு.
ஆயுளில் எதைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்று
எனக்குத் தெரியாது. அவருக்கும்தான்.
கழிவு சேரச் சேர
பரோல் கேட்கிற நாள் பக்கத்தில் வரும்,
அதுவரைக்கும் வாயைத் திறக்காதே என்றார்.

பேண்டேஜ் தறியில் உட்கார்ந்து
யார் யார் காயத்துக்கோ நெய்தேன்.
காற்று திரும்பினால்
ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில்
தேனி போடி கம்பம் தேனி போடி கம்பம் என்று
கூவுவது கேட்கும்.
என் ஊர் நடுவில் வரும்,
அதை யாரும் கூவுவதில்லை.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
சோணையை வெளியே இழுத்துப் போட்டு அடித்தார்கள்,
சோற்றில் கல் என்று தட்டைத் தள்ளியதற்கு.
நான் கம்பியோரம் படுத்திருந்தேன்.
மூன்று பேர். ஒரு லத்தி,
அது முறிந்ததும் இன்னொன்று.
விசாரிக்க வந்த அதிகாரி
கனிவாகத்தான் கேட்டார்.
"தூங்கிட்டேன்யா" என்றேன்.

அந்த மாசமும் எழுதினார் ஜெபமணி,
நடத்தைக்கு இரண்டு.
சோணை சேர்த்து வைத்திருந்த
நாற்பத்தோரு நாளையும் வெட்டினார்கள்.
பரோல் மனு திரும்பி வந்தது.
பெரியாஸ்பத்திரியில் அவன் அம்மாவின் கண்ணுக்கு
கையெழுத்துப் போட்டது பக்கத்துக் கட்டில்காரி.
என்னிடம் அவன் ஒன்றும் கேட்கவில்லை.
பீடி இருந்தால் பாதி தருவான், முன்போலவே.

எனக்கு வந்துவிட்டது. ஆறு நாள்.
செக்கானூரணி தாண்டும்போது
பஸ்ஸில் யாரும் என்னைப் பார்க்கவில்லை,
நான்தான் எல்லாரையும் பார்த்தேன்.
தினம் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து,
பிறகு முழுப் பகலும் என்னுடையது.
அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல்
கோழிக்கூட்டுக்குக் கதவு மாட்டினேன்.

நாலாம் நாள் மத்தியானம்
கருவாட்டுக் குழம்பை ஊற்றிவிட்டு
எதிரே உட்கார்ந்தாள் அங்கம்மா.
இரண்டாவது வாயில்
கடைவாய்ப் பல்லில் நறுக்கென்றது.

அவளுக்கும் கேட்டிருக்கும்.
"கல்லா?" என்றாள்.

இல்லை என்று விழுங்கினேன்.

இன்னும் இரண்டு நாள் இருந்தது.