லாட் வித்தியாசம்

வைராபாளையம் சாயப்பட்டறையில்
நான் நிறம் பார்க்கிறவன்.
ஒரே பச்சையை ஏழு பச்சையாகப் பிரித்து
ஆறைத் திருப்பி அனுப்பும் வேலை.
டியூப் லைட்டில் ஒன்று, வெயிலில் இன்னொன்று,
ஈரத்தில் ஒன்று, காய்ந்தால் வேறு.
துணி பொய் சொல்லும்.
கண்டுபிடிக்கக் கூலி.

புதன்கிழமை, காலிங்கராயன் மதகுச் சகதியில்
கெளுத்திக்குத் தூண்டில் போட்டிருந்த பொங்கியண்ணன்
"விரியனுங்கோ, கண்ணாடி விரியன்" என்று
கழியை ஓங்கிவிட்டான்.

பழுப்பு. அதன்மேல் கறுப்புக் கட்டம்.
கட்டத்துக்கு இடையில் செங்கல்பொடி தூவியதுபோல்
எங்கள் ஷேடு கார்டில் எண்ணே இல்லாத ஒரு சிவப்பு.
போன மாதம் இதே கரையில் கண்டது
எலுமிச்சை மஞ்சள், சதுரங்கப் பலகை.
தை மாதத்தில் ஒன்று
கட்டமெல்லாம் மங்கி, நனைந்த சாக்கு நிறம்,
கண்ணில் பால் படர்ந்து, சட்டை உரிக்கப் போகிறது.
மூன்றும் மூன்று சாதி என்றுதான்
காலண்டர் பின்பக்கம் குறித்து வைத்திருந்தேன்.

"போட்டறட்டுங்களா?"
"சித்த இருப்பா."

குத்தவைத்துக் குனிந்தேன்.
கண்ணுக்குக் கீழே ஒரு கோடு, நேராக உதட்டுக்கு.
கண்ணுக்குப் பின்னே ஒன்று, வாய்க்கோடிக்குச் சாய்ந்து.
மஞ்சளுக்கும் அதே இரண்டு. சாக்குக்கும் அதே இரண்டு.
விரியன் கண்ணில் நெல்மணி நட்டமாய் நிற்கும்;
இதில் உருண்டைக் கடுகு.
ஒரே சாயம், மூன்று லாட்.
நீர்க்கோலி.

இதைச் சொல்லத் திரும்பிய நேரத்தில்
விரலைப் பிடித்துவிட்டது.

ஊசி ஊசியாய் வரிசைப் பற்கள். கொஞ்சம் ரத்தம்.
கழி நழுவி வாய்க்காலில் போக
பாம்பும் அதன் பின்னாலேயே போனது, அவசரமில்லாமல்.
"நகம் நீலம் பாரிக்குதுங்கோ!"
பொங்கியண்ணன் அலறினான்.
"அது நேவி. நேத்து லாட்டு.
சோப்புப் போட்டாலும் போகாது."
சொன்னேனே தவிர
பைக்கில் போகும்போது
மற்ற கை நகத்தையும் ஒருதரம் பார்த்துக்கொண்டேன்.

பெரியாஸ்பத்திரியில் சீட்டு எழுதிய நர்ஸம்மா
தலை நிமிராமல் கேட்டார்:
"பாம்பு என்ன கலருங்க?"

இருபத்திரண்டு வருசமாக
இந்த ஒரு கேள்விக்குத்தான் எனக்குச் சம்பளம்.
வாய் திறக்கிறேன்,
எந்த வெளிச்சத்தில் என்று கேட்க.

"கன்னங்கரேல்னுங்க" என்றான் பொங்கியண்ணன்.
அவர் எழுதிக்கொண்டார்.